இரண்டரை ரூபாய்க்கு ஒரு பாகம்

புத்தகத்தை விலை கொடுத்து வாங்குவது என்பது எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை, ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் மட்டும் நடைபெறும் காரியமாக இருந்தது. அப்போதும் புதுப் புத்தகம் வாங்கும் வழக்கம் கிடையாது. மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டுவித்த புதுமண்டபத்தில், சிற்பங்கள் நிறைந்த கல் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்களும் பாத்திரக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவற்றோடு புத்தகக் கடைகளும் இருந்தன. போன வருஷத்துப் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கும் பாடப் புத்தகங்களைக் கால் விலைக்கு வாங்கி, அட்டையை ஒட்டி, ஓரத்தை வெட்டி, இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அரை விலைக்கு விற்பது அந்தக் கடைக்காரர்களுடைய ஜூன் மாதத்து வியாபாரம்.

என் தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். ஆகையால் புத்தகத்தையும் அவர் கணக்குப் புத்தகத்தைச் சோதிப்பது போலவே சோதிப்பார். கடைக்காரர் எடுத்துப் போட்ட பூகோள புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் விரலை எச்சில்படுத்தி ஒவ்வொன்றாகப் புரட்டி, எண்களைச் சரி பார்த்து, தேசப்படங்கள் கிழிபடாமல் இருக்கின்றனவா என்று விரித்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் விலை என்ன என்று கேட்பார். அடுத்த கடையில் பளபளவென்று அட்டை போட்ட பிரதி ஒன்று இருக்க, அட்டையே இல்லாத பிரதியை அவர் தேர்ந்தெடுத்ததைக் கண்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு வருஷம், அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அட்டை போனா ஒட்டிக்கிரலாம்டா. பக்கம் போனா எங்கிட்டுப் போயித் தேடுவ?"

அதே மண்டபத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கிராமத்து ஜனங்களுக்கென்று பெரிய எழுத்துப் புத்தகங்களும் விற்றார்கள். விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை என்று, சென்னையில் ரத்தின நாயக்கர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்டு அனுப்பிய அந்தப் புத்தகங்களின் காகிதம் தொட்டால் உதிரும். ஆனால் எழுத்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வயதானவர்கள் படிப்பதற்குத் தோதாக, விரல்நுனிப் பருமனில் இருக்கும். வாங்குகிறவனுடைய கண்ணையும் மடியையும் ஒருங்கே உத்தேசித்து அச்சிடப்பட்ட புத்தகங்கள் தமிழில் அவற்றைப் போல வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். பண்டிதர்கள் அவற்றைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆனால் பண்டிதர்களின் புத்தகங்களை எந்தக் கிராமத்தானும் துணியில் முடிந்துகொண்டு போகவில்லை.

1957-ஆம் வருஷத்தில், பாடப் புத்தகம் அல்லாத ஒரு புத்தகத்தை என் தகப்பனார் முதல் தடவையாக வீட்டுக்கு வாங்கி வந்தார். அது பாரதியார் கவிதைகள். சக்தி காரியாலயம் வை. கோவிந்தன் அந்த வருஷம் போட்ட மலிவுப் பதிப்பு. விலை ஒன்றரை ரூபாய். பாரதியின் எழுத்துக்களுக்கு உரிய உரிமையைச் சென்னை சர்க்கார் 1949-இல் விலைக்கு வாங்கி, சில வருஷங்களுக்குப் பிறகு ஜனங்களுக்குப் பொதுவாக்கிவிட்டதனால்தான் அப்படியொரு விலை வைக்க முடிந்தது என்பதெல்லாம் பதினோரு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், புதுப் புத்தகத்தையும் என் தகப்பனார் விடாமல் பக்கம் எண்ணினார் என்பதுதான்.

இந்தப் பாடத்தை அவரிடம் வருஷா வருஷம் கற்றும், சென்னைக்குப் போன பிறகு நான் ஏமாந்தேன்.

1967-இல் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூன்று பேர் இருக்கும் அறையில் நாலாவது ஆளாகக் குடியேறினேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 145 ரூபாய். அதில் ஊருக்கு அனுப்பியது போக, மெஸ்ஸுக்குக் கொடுத்தது போக, அறை வாடகை போக, மாசத்துக்குப் பத்து ரூபாயை எனக்கென்று வைத்துக்கொள்வது தர்மத்துக்கு விரோதமல்ல என்று தீர்மானித்தேன். அந்தப் பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு, சம்பளம் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் சார்ஜை மிச்சம் பிடிக்கும் பொருட்டு, சிந்தாதிரிப்பேட்டை வழியாகக் கூவத்தை இரண்டு தடவை தாண்டி, மூர் மார்க்கெட்டுக்கு நடந்தே போவேன்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரிப்பன் கட்டடத்துக்கு அருகே, செங்கல்லால் எழும்பி நின்ற அந்தக் கட்டடத்தைப் பார்த்திராதவர்களுக்கு அதை வர்ணிப்பது சிரமம். 1898-இல் அஸ்திவாரக் கல் நாட்டி 1900-இல் திறக்கப்பட்டு, நகரசபைத் தலைவராக இருந்த ஸர் ஜார்ஜ் மூர் என்பவரின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில், நாய்க்குட்டியும் லவ் பேர்ட்ஸும் ஒரு பக்கம், கிராமபோன் தட்டுக்கள் ஒரு பக்கம், யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போன தொப்பியும் கைத்தடியும் ஒரு பக்கம் என்று, பட்டணத்தில் வாழ்ந்து கெட்டவர்களின் சொத்துக்களும், கெடாமலே இடம் பெயர்ந்தவர்களின் சொத்துக்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவேதான் பழைய புத்தகக் கடைகள். கடை என்றால் நாலு பலகை. பலகைக்கு மேல் கூரை வரை புத்தகம். புத்தகத்துக்கு மேல் தூசு. இவ்வளவுக்கும் முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு பாய்.

நான் வாடிக்கையாகப் போன கடைக்காரப் பாய்க்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது; தமிழும் அரைகுறைதான். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து அதன் கனத்தையும் தையலையும் பார்த்து விலை சொல்லுவார். அந்த விலை முக்காலே மூணு வீசம் சரியாக இருக்கும். புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன விலை ஒன்று. அதை எடுத்தவனின் முகத்தைப் பார்த்துச் சொன்ன விலை இன்னொன்று. இந்த இரண்டாவது விலையிலிருந்து தப்புவதற்காக, வேண்டாத இரண்டு புத்தகங்களை ஆவலோடு புரட்டிவிட்டு, வேண்டிய புத்தகத்தைப் போகிறபோக்கில், 'இது என்ன, சும்மா கிடக்கிறது' என்ற பாவனையில் தூக்கிக் காட்டும் வித்தையை எனக்கு மேன்ஷன் நண்பர் ஒருவர் கற்றுக்கொடுத்திருந்தார். பிற்பாடுதான் தெரிந்தது, அங்கே வரும் அத்தனை பேரும் அதே வித்தையைத்தான் செய்தார்கள் என்பதும், ஆகவே எவன் எதை அலட்சியமாகத் தூக்குகிறானோ அதற்குத்தான் பாய் விலையை ஏற்றினார் என்பதும்.

1968-ஆம் வருஷத்துத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கடையின் கீழ்த்தட்டில், டாக்டர் பரீட்சைப் புத்தகங்களுக்கு அடியில், கறுப்புக் காலிகோ முதுகும் பச்சை மார்பிள் காகித அட்டையும் போட்ட ஒரு கட்டு கிடந்தது. இழுத்துப் பிரித்தேன். பொன்னியின் செல்வன். 1950-ஆம் வருஷத்திலிருந்து மூன்றரை வருஷத்துக்கு மேல் 'கல்கி' பத்திரிகையில் வாரா வாரம் வந்ததே, அதையேதான், மணியம் போட்ட சித்திரங்களோடு, பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த கட்டு. ஐந்து பாகங்களில் ஒரு பாகம் மட்டும். வந்தியத்தேவனின் குதிரை அந்த மங்கலான அச்சிலும் பாய்ந்துகொண்டிருந்தது.

தொடர்கதைகளை இப்படிப் பிரித்துத் தைத்து வைப்பது அந்தக் காலத்துக் குடும்பங்களின் வழக்கம் என்பதை இக்காலத்தவர் அறிந்திருக்கமாட்டார்கள். வாரப் பத்திரிகையின் ஸ்டேபிள் கம்பியை நெம்பி எடுத்து, கதை வந்த தாள்களை மட்டும் தனியே சேர்த்து, வருஷக்கணக்கில் பரணில் வைத்திருந்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பார்கள். கதையின் பின்பக்கத்தில் தற்செயலாக அகப்பட்டுக்கொண்ட ஹேர் ஆயில் விளம்பரமும், ரேடியோப் பெட்டி விளம்பரமும், 'வயிற்றுக் கோளாறா?' என்ற கேள்வியும் குந்தவையோடும் நந்தினியோடும் சேர்ந்து அமரத்துவம் பெற்றுவிடும். புத்தகமாக வந்ததை வாங்க வசதியில்லாதவர்கள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். பதிப்பாளரும் இல்லை, விலையும் இல்லை. பைண்டருக்குக் கொடுத்த கூலி ஒன்றுதான் செலவு.

பாய் ஐந்து ரூபாய் சொல்லுவார் என்று எதிர்பார்த்து, மூன்றுக்குத் தயாராக நின்றேன். "ரெண்டரை" என்றார். நான் பேரம் பேசவில்லை. பேசாததே பெரிய அவமானம் போல இருந்தது. பக்கம் எண்ணவும் இல்லை. அறைக்கு ஓடோடி வந்து, பகல் சாப்பாட்டையும் மறந்து படித்துக்கொண்டு போனேன். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு, கதை ஒரு பயங்கரமான இடத்தில் வந்து நிற்க, பக்கத்தைத் திருப்பினால் வெள்ளைத் தாள்.

வெறும் தாள் அல்ல. ஓரங்களைச் சீராக வெட்டி, மற்றத் தாள்களோடு சேர்த்துத் தைத்திருந்த ஒரு முழுத் தாளின் நடுவே, பௌண்டன் பேனாவால், நீலம் பழுப்பேறிய மையில், உருண்டை உருண்டையான ஸ்திரீ எழுத்தில் இரண்டு வரி: "புயல் மழையினால் இந்த வாரம் தபால் வரவில்லை. எங்கும் கிடைக்கவில்லை."

அடுத்த ஞாயிறு மட்டும் பொறுத்திருந்து, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயிடம் நியாயம் கேட்டேன்.

"என்ன பாய், நடுவிலே ஒரு வாரம் இல்லையே?"

பாய் புத்தகத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதனாலதான் ரெண்டரை, தம்பி. முளுசா இருந்தா அஞ்சு சொல்லியிருக்க மாட்டேனா?" என்றார்.

படிக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்த மனிதர் பக்கத்தை எண்ணியிருக்கிறார், படித்தவன் எண்ணவில்லை.

விட்டுப்போன அந்த ஒரு வாரத்தை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு உண்டாயிற்று. புதுப் புத்தகமாக அந்தப் பாகத்தைக் கடையில் வாங்கலாம். ஆனால் அதன் விலையில் நான் பத்து நாள் சாப்பிடலாம். ஆபீஸில் இதைப் பிரஸ்தாபித்தபோது, எதிர் மேஜைக்காரர், தம் தாயார் ஐந்து பாகங்களையும் பைண்டு செய்து வைத்திருப்பதாகவும், ஆனால் அதைப் பெற்ற பிள்ளையாகிய தம்மையே வாசலைத் தாண்டி எடுத்துப் போக விட்டதில்லை என்றும் சொன்னார். மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மடிசார் கட்டிய அந்த மாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புஸ்தகம் ஆத்தை விட்டு வெளியிலே போகாது. வேணும்னா இங்கேயே உக்காந்து எழுதிண்டு போங்கோ" என்றார்.

எழுதினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் ஊஞ்சலுக்குக் கீழே பாயை விரித்து, ஆபீஸ் ஃபுல்ஸ்கேப் தாள்களில் எழுதினேன், (அந்தத் தாள்கள் சர்க்கார் சொத்து என்பதை இப்போது ஒப்புக்கொள்ளுவதில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை.) மாமி ஊஞ்சலில் உட்கார்ந்து, நான் எழுதும் வேகம் போதாதென்று கண்டு, தாமே படிக்கத் தொடங்கினார். பாத்திரத்துக்குப் பாத்திரம் குரலை மாற்றிப் படிப்பார். ஆழ்வார்க்கடியான் பேச வேண்டிய இடம் வந்தால் குரலை உயர்த்தி, ஊஞ்சலை நிறுத்திவிடுவார். காப்பி இரண்டு தடவை வந்தது. மொத்தம் பதினேழு தாள். அவற்றை வெள்ளைத் தாளுக்கு அடுத்தாற்போல் செருகி வைத்தேன்.

மற்றப் பாகங்களை ஒருநாளும் நான் பழைய புத்தகமாகக் காணவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மலிவு என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. பழைய புத்தகம் மலிவாவதில் ஆச்சரியம் இல்லை. ஒருவன் இறந்தோ, ஊர் மாறியோ, கடன்பட்டோ விட்ட பொருள் அது. புதுப் புத்தகத்தை மலிவாக்குவதற்குத்தான் ஒரு மனிதன் வேண்டும். மர்ரே கம்பெனி என்ற ஏலக் கம்பெனியை நடத்திய எஸ். ராஜம், பிறர் வீட்டு மேஜை நாற்காலிகளை மூன்று தரம் கூவி ஏலம் விட்ட பணத்தைக்கொண்டு, ஐம்பதுகளில், சங்க நூல்களையும் கம்பராமாயணத்தையும் சந்தி பிரித்து, நிறுத்தக்குறிகள் இட்டு, ஏழை வாத்தியாருக்கும் எட்டும் விலையில் போட்டார். சந்தி பிரித்ததைக் குற்றமாகச் சொன்ன புலவர்கள் உண்டு. ஆனால் என் போன்றவன் பத்துப்பாட்டைப் பயமில்லாமல் தொட்டது அந்தப் பதிப்பில்தான். மூர் மார்க்கெட்டில் அந்தப் பிரதிகள் கண்ணில் பட்டால், வேண்டாதவற்றைப் புரட்டும் வித்தையெல்லாம் எனக்கு மறந்துபோகும்.

அந்த வரிசையில், அசல் நாட்டிலிருந்து கப்பலில் வந்த மலிவும் ஒன்று உண்டு. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் கடையிலும், ஊர் ஊராகப் போகும் வண்டியிலும் விற்ற காலத்தில், கெட்டி அட்டையும் தையலும் வழவழப்பான தாளுமாக ஒரு டால்ஸ்டாயை, மதுரைப் பக்கத்து முறுக்குப் பொட்டலம் இரண்டின் விலைக்கு வாங்கினேன் என்றால் கொஞ்சம்தான் மிகை. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த 'புத்துயிர்ப்பு', 'வெண்ணிற இரவுகள்', பூ. சோமசுந்தரம் மொழிபெயர்த்த 'உண்மை மனிதனின் கதை' ஆகியவை இன்றும் என் அலமாரியில் தையல் விடாமல் இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வந்த பசை பைண்டிங் புத்தகங்கள் ஏடு ஏடாகக் கழன்றுவிட்டன. அந்த விலைக்குப் பின்னால் ஒரு ராஜ்யத்தின் உத்தேசம் இருந்தது என்று நண்பர்கள் இடித்துக் காட்டுவார்கள். இருக்கட்டும். 1991-இல் அந்த ராஜ்யம் கலைந்தது. அந்த விலையும் அதோடு போயிற்று. டால்ஸ்டாய் என்னிடம் இருக்கிறார்.

1985-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. நான் மறுநாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் போய் நின்றேன். செங்கற் சுவர்கள் நின்றன, கூரை இல்லை. தீயணைப்புக்காரர்கள் பாய்ச்சிய தண்ணீர் கறுப்பாக வடிந்து வாய்க்காலில் ஓடியது. அந்தத் தண்ணீரில் எரிந்த தாளின் கரித் துணுக்குகள் மிதந்தன. ஒரு துணுக்கைக் குனிந்து எடுத்தேன். இங்கிலீஷில் 'தெர்' என்று மூன்று நாலு எழுத்து தெரிந்தது. விரல் பட்டதும் பொடியாயிற்று. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் வருஷக்கணக்கில் சேர்த்துத் தைத்துப் பரணிலிருந்து இறக்கிய கட்டுக்கள் அன்று போயின என்பதற்கு எந்த ரிஜிஸ்தரிலும் கணக்கு இராது. அந்த இடத்தில் ரெயில்வேக்காரர்கள் புறநகர் வண்டிகளுக்கு ஸ்டேஷன் கட்டினார்கள். பழைய கட்டடத்தின் சின்ன உருவம் ஒன்றைச் செய்து வாசலில் வைத்திருக்கிறார்கள், கொலு பொம்மை போல.

கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. நாலைந்து மாதம் கழித்துப் பாயை அங்கே கண்டேன். ஸ்டூல் புதிது, தாடி நரைத்திருந்தது. பலகையில் என்ஜினீயரிங் புத்தகங்களும் பரீட்சை கைடுகளும் மட்டுமே இருந்தன. "கதைப் புக்கு எல்லாம் போச்சு தம்பி. இப்ப பசங்க இதான் கேக்கறாங்க" என்றார். நான் எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் சும்மா திரும்ப மனம் வராமல், எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத லாகரிதம் அட்டவணையை எட்டு ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு நடைபாதைகள்தான் எனக்குக் கதியாயின. திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோடு, அதாவது பாரதி சாலை. மயிலாப்பூரில் லஸ் முனை. மலிவுக்கு ஆசைப்பட்டு நான் செய்த முட்டாள்தனங்களில் பெரும்பகுதி இந்த நடைபாதைகளில் நடந்தவை. பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில், இரண்டாம், ஐந்தாம், எட்டாம் தொகுதிகள் நிறுத்துப் போடும் விலைக்கு அகப்பட்டன. மீதி ஏழும் எப்படியும் வந்து சேரும் என்று நம்பி வாங்கினேன். வரவில்லை. முப்பது வருஷ காலம், அந்த மூன்று தொகுதிகளுக்குள் அடங்கும் எழுத்துக்களில் தொடங்கும் விஷயங்களில் மட்டும் நான் நிபுணனாக இருந்தேன். என் மனைவி, வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அவரை எதுவேணுமானாலும் கேளுங்கள், சரியான எழுத்தில் கேளுங்கள்" என்று சொல்லுவாள்.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். வருஷம் தவறாமல் போனேன். பத்துச் சதவீதக் கழிவை வாங்கிக்கொண்டேன். அந்தக் கழிவை மிளகாய் பஜ்ஜிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு எண்பது நெருங்குகிறது. முழங்கால் நடைபாதைக்குக் குனிய மறுக்கிறது. என் பேத்தி, இனிமேல் நான் எங்கும் அலைய வேண்டியதில்லை, எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும் என்று சொல்லி, தானே அதற்கான ஏற்பாடுகளைச் செய்து கொடுத்தாள். முதல் மாதம் எனக்குப் பிரமையாக இருந்தது. தூசு இல்லை, பேரம் இல்லை, முகம் பார்த்து விலை சொல்லுவார் இல்லை. இரண்டாம் மாதம் சில நுட்பங்கள் புலப்பட்டன. அறுபது ரூபாய்ப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க எழுபத்தைந்து ரூபாய் கேட்டார்கள். சிந்தாதிரிப்பேட்டை வழியாக நடந்து மிச்சம் பிடிக்க இங்கே வழியில்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை இருந்தது. ஒரு புத்தகத்தை நாலு தடவை திறந்து பார்த்ததும் அதன் விலை ஏறினாற்போல் எனக்குத் தோன்றியது. "தாத்தா, அது கம்ப்யூட்டர், உங்களை எல்லாம் பார்க்காது" என்றாள் பேத்தி. இருக்கலாம், எனக்கென்னவோ பாயை ஸ்டூலோடு தூக்கி உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் தீரவில்லை.

ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' பழைய பதிப்பு ஒன்றை, நல்ல நிலையில் உள்ள பிரதி என்று போட்டிருந்ததை நம்பித் தருவித்தேன். விற்றவர் எவரோ, எந்த ஊரோ, தெரியாது. வந்தது பழைய பதிப்பும் அல்ல, நல்ல நிலையும் அல்ல. எங்கோ ஒரு நூலகப் பிரதியைப் படம் பிடித்து, அந்தப் படத்தை அச்சிட்டு, மேலே ஒரு சூரியோதய அட்டையைப் போட்டிருந்தார்கள். வரிகள் சாய்ந்திருந்தன. ஒரு பக்கத்தின் கீழ் மூலையில், படம் பிடிக்கும்போது புத்தகத்தை அழுத்திப் பிடித்தவரின் கட்டைவிரல், நகமும் ரேகையுமாகத் தெள்ளத் தெளிவாக அச்சாகியிருந்தது. அந்த விரலுக்கு அடியில் ராஜமையர் எழுதிய மூன்று வரிகள் அகப்பட்டுக்கொண்டு மூச்சு விட முடியாமல் தவித்தன. இந்தத் தடவை நான் பக்கம் எண்ணினேன். எட்டுப் பக்கம் இல்லை. பேத்தி கைப்பேசியில் ஏதோ தட்டினாள். ஐந்து நிமிஷத்தில் பணம் திரும்பி வந்தது. புத்தகத்தைத் திருப்பி அனுப்பக்கூட வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இவ்வளவு மலிவாக எனக்கு எந்தப் புத்தகமும் கிடைத்ததில்லை. இவ்வளவு வருத்தத்தோடும் கிடைத்ததில்லை. "அதனாலதான் ரெண்டரை" என்று சொல்லுவதற்காவது அங்கே ஒரு மனிதர் இருந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வேறொரு சந்தை நடக்கிறது. பழைய புத்தக வியாபாரிகள் சிலர், இரவு ஒன்பது மணிக்குமேல், அன்று வந்த சரக்கைப் படம் பிடித்து ஒவ்வொன்றாகப் போடுவார்கள். 'எனக்கு' என்று முதலில் எழுதுகிறவனுக்குப் புத்தகம். மர்ரே பதிப்பின் ஒரு பிரதியைக் கண்டு, விரல் நடுங்க 'எ' என்ற எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது கோயமுத்தூருக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் 'எனக்கு' என்ற சொல்லை முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். அப்படிக் காத்திருந்து ஒருநாள், படம் வருவதற்கு முன்பே கை தவறி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தது கோழி வளர்ப்பு பற்றிய புத்தகம். வாக்கை மீற மனமில்லாமல் அதையும் வாங்கினேன்.

எல்லாவற்றுக்கும் மேலான மலிவு ஒன்று உண்டு. அதற்கு விலையே இல்லை. 1998-ஆம் வருஷம் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களிலும் இருக்கும் தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, சங்க நூல் தொடங்கி இக்கால நூல் வரையில் தட்டச்சுச் செய்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிழை பார்த்து, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். கூலி கிடையாது. பேத்தி அதை எனக்குக் காட்டியபோது, பொன்னியின் செல்வனும் அங்கே ஐந்து பாகங்களும் குறையில்லாமல் இருந்தது. கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகிவிட்டதே. மாம்பலத்தில் மாமி படிக்க நான் பதினேழு தாள் எழுதிய அந்த அத்தியாயங்களைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கைப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏழு இடத்தில் வித்தியாசம் இருந்தது. ஐந்து என் பிழை. மற்ற இரண்டு, மாமி வேண்டுமென்றே சேர்த்துச் சொன்னவை. இரண்டும் ஆழ்வார்க்கடியான் வாயில் வந்த வசவுகள். ஐம்பத்தெட்டு வருஷமாகக் கல்கி எழுதியவை என்று நான் நம்பி ரசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டின் காலிகோ முதுகு இப்போது பிய்ந்துவிட்டது. போன வாரம் பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆட்டோவில், இன்னும் கையால் தைக்கும் பைண்டர் ஒருவரைத் தேடிப் போனேன். முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார். வாங்கிய விலைக்கு நூற்று நாற்பது மடங்கு என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டு சரி என்றேன். மனிதர் தொழில் தெரிந்தவர். அட்டையைக் கவனிக்காமல் தாள்களைத்தான் முதலில் புரட்டினார்.

"ஐயா, நடுவுல ஒரு வெத்துத் தாள் இருக்கு. அப்புறம் ஏதோ கையெழுத்துத் தாள் வேற. எடுத்துட்டுத் தைக்கட்டுமா?"

எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே வைத்துத் தைக்கச் சொல்லி, தாள்களை இரண்டு பேருமாக ஒரு தடவை எண்ணி, எண்ணிக்கையை அவர் நோட்டில் எழுத வைத்து, நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.